புள் பார்த்தலும் கணக்குப் பார்த்தலும்



காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி அமைந்துள்ளது திருப்புட்குழி. 'புள்' என்றால் பறவை. சீதையைக் காக்கப் போரிட்டு வீழ்ந்த சடாயுவுக்கு இராமர் இறுதிக் கடன் செய்த இடம் இதுவே என்பது நம் இந்துச் சகோதரர்களின் நம்பிக்கை. விஜயராகவப் பெருமாள் கோயிலும் அதன் முன்னுள்ள தீர்த்தமும் அந்த நம்பிக்கையைச் சுமந்து நிற்கின்றன.

பழந்தமிழில் 'புள்' என்னும் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அது நிமித்தம், அதாவது சகுனம். பறவை பறக்கும் திசையையும் எழுப்பும் ஒலியையும் வைத்து நல்லது கெட்டது கணித்த காலத்தில் பறவையின் பெயரே சகுனத்தின் பெயராயிற்று. அரபு மொழியிலும் இதே நிகழ்ந்துள்ளது. 'தைர்' என்றால் பறவை. அதிலிருந்து பிறந்த 'தியரா' என்றால் சகுனம். இஸ்லாத்திற்கு முந்தைய அரபியர் பயணம் புறப்படுமுன் பறவையைக் கலைத்துவிட்டுப் பார்ப்பர். வலப்புறம் பறந்தால் செல்வர். இடப்புறம் பறந்தால் வீடு திரும்புவர். கடல் கடந்த இரு மொழிகள் ஒரே பலவீனத்திற்கு ஒரே பறவையின் பெயரைச் சூட்டியிருப்பது நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது.

இந்தச் சிந்தனை நமக்கு எழக் காரணம் ஓர் இளைஞர். திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து நம் மதரஸாவின் மாலை வகுப்புக்கு வருபவர். பட்டுச் சேலைக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறார். தொழுகையைப் பேணுபவர். அவருக்கு நிகாஹ் பேசி முடித்து, பெண் வீட்டாருக்கு வாக்கும் கொடுத்தாயிற்று. திடீரென ஒருநாள், "இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று தோன்றுகிறது, ஹஜ்ரத்" என்றார். காரணம் கேட்டோம். கைப்பேசியை நீட்டினார். அதில் ஒரு ராசிச் செயலி. அவருடைய இயல்பும் அந்தப் பெண்ணின் இயல்பும் ஒத்துவராது என்று அழகிய சொற்களில் எழுதியிருந்தது.

நாம் எச்சரிக்கத் தொடங்குமுன் அவரே சொன்னார்: "நான் குறி கேட்கவில்லை, ஹஜ்ரத். எதிர்காலம் அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரியும் என்று எனக்கும் தெரியும். இது என்னை நானே அறிந்துகொள்வதற்கு. நீங்கள் முஹாஸபா என்று பாடம் நடத்துகிறீர்களே, அதைப் போலத்தான்."

அந்த ஒப்பீடு நம்மை வாயடைக்கச் செய்தது. 'ஹராம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் அவர் தலையாட்டிவிட்டுப் போவார். அந்தப் பெண்ணின் வாழ்வு மட்டும் காரணமின்றி முறிந்து நிற்கும். ஆகவே வரலாற்றைப் புரட்டினோம். அவருக்குச் சொன்னதையே இங்கு விரிவாக எழுதுகிறோம்.

விண்மீன்கள் எதற்காக?

வானத்தைப் பார்ப்பதை இஸ்லாம் தடுக்கவில்லை. தரையிலும் கடலிலும் வழி அறிய விண்மீன்களும், ஆண்டுகளையும் காலத்தையும் எண்ண நிலவின் நிலைகளும் அமைக்கப்பட்டுள்ளன என்று குர்ஆன் கூறுகிறது. ஐவேளைத் தொழுகை, ரமழான் பிறை, கிப்லாவின் திசை ஆகிய அனைத்தும் வானத்தோடு தொடர்புடையவை. இதனால்தான் பெரிய பள்ளிவாசல்களில் 'முவக்கித்' என்னும் நேரக் கணிப்பாளர்கள் பணியமர்த்தப்பட்டனர். 14-ஆம் நூற்றாண்டில் திமிஷ்கின் உமய்யாப் பள்ளிவாசலில் முவக்கித்தாக இருந்த இப்னுஷ் ஷாத்திர் உலக வானியல் வரலாற்றில் இடம்பெற்றவர்.

கோள்களின் இயக்கத்தைக் கணிப்பது ஒரு கலை; அவ்வியக்கத்திலிருந்து மனிதனின் விதியையும் குணத்தையும் வாசிப்பது வேறொரு கலை. முந்தையதை 'இல்முல் ஃபலக்' என்றும் பிந்தையதை 'அஹ்காமுந் நுஜூம்' என்றும் நம் அறிஞர்கள் பிரித்தனர்.

இந்த எல்லையை நபி (ஸல்) அவர்கள் தம் வாழ்வின் மிகத் துயரமான நாளொன்றில் வரைந்து காட்டினார்கள். ஹிஜ்ரி 10-இல் அவர்களுடைய குழந்தை இப்ராஹீம் (ரலி) இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. வானியலார் அந்நாளை 27-1-632 எனக் கணிக்கின்றனர். இப்ராஹீமின் மறைவுக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசலாயினர். ஒரு தலைவருக்கு இதைவிடப் பெரிய புகழ் வேறு இல்லை. மௌனமாக இருந்திருந்தாலே போதும். ஆயினும் குழந்தையை இழந்த அந்தத் தந்தை மக்களைக் கூட்டித் தொழவைத்து, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றிற்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது.

திருமண நாள் பற்றியும் ஒரு சான்று உண்டு. ஷவ்வால் மாதத்தில் மணம் முடிப்பது ஆகாது என்று அக்கால அரபியர் எண்ணினர். தம் திருமணமும் இல்லற வாழ்வின் தொடக்கமும் ஷவ்வாலிலேயே நிகழ்ந்தன என்றும், நபியவர்களிடம் தம்மைவிடப் பேறு பெற்ற மனைவி யார் என்றும் ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

அலீ (ரலி) அவர்களின் அச்சம்

ஹிஜ்ரி 38-இல் அலீ (ரலி) அவர்கள் நஹ்ரவான் என்னுமிடத்தில் காரிஜிய்யாக்களை எதிர்கொள்ளப் புறப்பட்டார்கள். அப்போது ஒரு சோதிடர் குறுக்கிட்டு, இந்நேரத்தில் செல்லாதீர், தாம் குறித்துத் தரும் நேரத்தில் சென்றாலே வெற்றி கிட்டும் என்றார். அலீ (ரலி) அவர்கள் அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைத்து, சோதிடர் வேண்டாமென்ற நேரத்திலேயே புறப்பட்டு வெற்றியும் பெற்றார்கள். அதன்பின் அவர்கள் கூறியதாக வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ள கருத்தே நமக்கு முக்கியம். சோதிடர் சொன்ன நேரத்தில் புறப்பட்டு வென்றிருந்தால், அந்த நேரத்தால்தான் வெற்றி வந்தது என்று அறியாதோர் சொல்லியிருப்பார்கள் என்பதே அது.

சோதிடம் பொய்த்துவிடும் என்பது அவர்களின் கவலையன்று. தற்செயலாக அது பலித்துவிட்டால், வெற்றியின் உண்மைக் காரணங்கள் மக்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுமே என்பதே கவலை. படையின் ஒழுங்கு, தலைமையின் தெளிவு, அனைத்திற்கும் மேலாக அல்லாஹ்வின் உதவி ஆகிய யாவும் ஒரு 'நல்ல நேரத்தின்' பின்னால் ஒளிந்துவிடும். காரணத்தை மறைப்பதே சோதிடம் செய்யும் முதல் தீங்கு.

ஒரே நகரில் இருவர்

பிற்கால முஸ்லிம் அரசவைகள் இந்தப் பாடத்தை மறந்தன என்பதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. கலீஃபா மன்சூர் 762-இல் பக்தாது நகருக்கு அடிக்கல் நாட்டியதே நவ்பக்த், மாஷாஅல்லாஹ் ஆகிய சோதிடர்கள் குறித்துத் தந்த நேரத்தில்தான். அந்நகரில் எந்தக் கலீஃபாவும் இறக்கமாட்டார் என்று கணிக்கப்பட்டதாகவும் நூல்கள் கூறுகின்றன. 813-இல் கலீஃபா அமீனும், 1258-இல் மங்கோலியர் கையில் கலீஃபா முஸ்தஃஸிமும் அதே பக்தாதில் கொல்லப்பட்டனர்.

கணிப்புகள் பொய்த்த கதைகள் ஏராளம். 838-இல் அம்மூரிய்யாக் கோட்டையை இப்போது வெல்ல முடியாது, அத்தியும் திராட்சையும் பழுக்கும் காலம் வரை பொறுக்க வேண்டும் என்று கலீஃபா முஃதஸிமிடம் சொல்லப்பட்டது. அவர் பொறுக்கவில்லை, கோட்டை வீழ்ந்தது. அதைப் பாடிய அபூதம்மாமின் கவிதை அரபு இலக்கியத்தில் நிலைத்துவிட்டது. 1186-இல் கோள்கள் துலாம் ராசியில் ஒன்றுகூடுவதால் பெரும் புயல் உலகை அழிக்கும் என்று சோதிடர்கள் நாடெங்கும் அறிவித்தனர். அக்காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் அந்நாளைப் பற்றி எழுதியிருப்பது சுவையானது: உழவர்கள் களத்தில் தானியம் தூற்றுவதற்குக்கூடக் காற்று வீசவில்லையாம்.

ஆயினும் நம் இளைஞருக்கு நாம் சொல்ல விரும்பியது வேறு. 9-ஆம் நூற்றாண்டின் பக்தாதில் சமகாலத்தவர்களாக இருவர் வாழ்ந்தனர். ஒருவர் அபூ மஃஷர் அல்பல்கீ (787-886). தொடக்கத்தில் ஹதீஸ் கற்றவர். 47 வயதில் சோதிடத்தின் பக்கம் திரும்பி, இடைக்கால உலகின் மிகப் புகழ்பெற்ற சோதிடராக ஆனவர். அவருடைய நூல்கள் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பா முழுவதும் பரவின. மற்றவர் ஹாரிஸ் அல்முஹாஸிபீ (ரஹ்), 857-இல் மறைந்தவர். தம்மைத் தாமே கணக்குக் கேட்பதில் காட்டிய கண்டிப்பால் 'முஹாஸிபீ' என்னும் பெயர் பெற்றவர்.

மனிதன் தன்னை அறிய வேண்டும் என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை. அபூ மஃஷர் அந்த அறிவை வானத்தில் தேடினார். முஹாஸிபீயோ, இன்று நாம் என்ன பேசினோம், எந்த நிய்யத்தில் செய்தோம், யாருடைய உரிமையைப் பறித்தோம் என்று மனிதனின் செயலில் தேடினார். சோதிடமும் முஹாஸபாவும் ஒன்றல்ல என்பதற்கு இந்த இருவரின் வாழ்வே சான்று. பிற்காலத்தில் இப்னு ஹஸ்ம், இப்னு சீனா, இப்னுல் கய்யிம், இப்னு கல்தூன் எனப் பல துறை அறிஞர்கள் சோதிடத்தை மறுத்து எழுதினர். இவர்கள் அனைவரும் மார்க்கச் சட்ட அறிஞர்கள் மட்டுமல்லர். மருத்துவரும் சமூக ஆய்வாளரும் இவர்களில் உண்டு.

புள்ளலூர்க் களம்

பக்தாது தொலைவில் இருக்கலாம். புள்ளலூர் தொலைவில் இல்லை. காஞ்சிபுரத்திற்கு வடக்கே, திருப்புட்குழியிலிருந்து ஒரு பொழுதில் சென்று திரும்பக்கூடிய ஊர். 10-9-1780 அன்று அங்கே ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும், கர்னல் பெய்லியின் தலைமையில் வந்த ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை அடியோடு முறியடித்தனர். அதற்குமுன் இந்தியாவில் ஆங்கிலேயர் அத்தகைய தோல்வியைக் கண்டதில்லை.

அந்த வெற்றிக்குத் தெளிவான காரணங்கள் இருந்தன. கொசத்தலையாற்று வெள்ளம் பெய்லியைப் பல நாள்கள் தடுத்து நிறுத்தியது. திப்புவின் குதிரைப்படை வழியெங்கும் அவரை அலைக்கழித்தது. காஞ்சிபுரத்தில் முகாமிட்டிருந்த தளபதி மன்றோ, பீரங்கி ஓசை கேட்டும் முழுப் படையோடு உதவிக்கு விரையவில்லை. ஹைதர் இரவோடிரவாகப் படையை நகர்த்தி எதிரியைச் சூழ்ந்தார். போர் நடுவே ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பெய்லி சிறைப்பட்டார், மன்றோ தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சியின் குளமொன்றில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார்.

மறு ஆண்டு 1-7-1781 அன்று ஹைதர் பரங்கிப்பேட்டையில் அயர் கூட்டின் படையிடம் தோற்றார். அடுத்த மோதலுக்கு அவர் மீண்டும் புள்ளலூரையே தேர்ந்தார். முந்தைய ஆண்டு வெற்றி தந்த இடம் என்பதாலும், சோதிடர்கள் நல்ல நாள் குறித்துக் கொடுத்ததாலும் அக்களத்தைத் தேர்ந்தார் என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். 27-8-1781 அன்று நடந்த அப்போரில் முந்தைய வெற்றி மீளவில்லை. ஹைதரின் படை களத்தை விட்டு விலகியது. அன்று மாண்ட ஆங்கிலேய அதிகாரிகள் இருவரின் நினைவுத்தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன.

இடம் அதே இடம்தான். ஆனால் கூட்டின் முன்னே வெள்ளம் பெருகிய ஆறு இல்லை. மன்றோவின் தயக்கம் இல்லை. வெடிமருந்து வண்டிகளும் வெடிக்கவில்லை. அலீ (ரலி) அவர்கள் எதை அஞ்சினார்களோ அது இங்கே நிகழ்ந்தது. வெற்றியின் காரணங்கள் ஓர் 'இராசியான இடத்தின்' பின்னால் மறைந்தன.

ஷஹீத் திப்பு சுல்தான் அவர்களின் இறுதி நாளைப் பற்றியும் இத்தகைய குறிப்பு உண்டு. 4-5-1799 அன்று காலை, நாள் சரியில்லை என்று சோதிடர்கள் எச்சரித்ததால், அவர் யானை, கறுப்பு எருது முதலியவற்றைத் தானமாக வழங்கியதாகவும், எண்ணெய் நிறைந்த இரும்புப் பாத்திரத்தில் தம் முகத்தைப் பார்த்ததாகவும் ஆங்கிலேயர் எழுதிவைத்துள்ளனர். அதற்கு முன்பே சீரங்கப்பட்டண மதிலில் பீரங்கிகள் உடைப்பை ஏற்படுத்தியிருந்தன. அன்று பிற்பகல் அந்த உடைப்பின் வழியாகவே பகைவர் நுழைந்தனர். சுல்தான் வாளேந்திப் போரிட்டு வீழ்ந்தார். அவருடைய வீரத்தைக் குறைத்துப் பேசும் தகுதி நமக்கில்லை. ஆயினும் மதிலில் விழுந்த உடைப்பை எந்தத் தானத்தாலும் அடைக்க இயலாது என்பதை அந்நாள் காட்டிச் சென்றது.

நம் வீட்டுக்குள் இருந்த புள்

அரசர்களைச் சொல்லிவிட்டு நம் வீட்டை மறைப்பது நேர்மையாகாது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஸஃபர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமையை 'ஒடுக்கத்துப் புதன்' என்று அழைத்து, அன்று முஸீபத்துகள் இறங்கும் என அஞ்சும் வழக்கம் இருந்தது. சில இடங்களில் இன்றும் உள்ளது. மாவிலையிலோ தட்டிலோ வசனங்களை எழுதி, கரைத்துக் குடிப்பர், குளிப்பர், கழிப்பு எடுப்பர். ஸஃபர் மாதத்தில் நிகாஹ் வைக்கமாட்டார்கள். சகுனமும் இல்லை, ஸஃபரில் பீடையும் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவாக மறுத்திருந்தும் இவ்வழக்கம் நிலைத்தது. பெண், மாப்பிள்ளை பெயர்களுக்கு அப்ஜது எண்களைக் கூட்டிப் பொருத்தம் பார்ப்பதும், பால் கிதாபு திறந்து பார்ப்பதும் இதன் கிளைகளே.

நம் பெரியம்மா ஓர் ஒடுக்கத்துப் புதனன்று பிறந்தவர். வீட்டில் மாடு செத்தாலும், தொழிலில் நட்டம் வந்தாலும், "புதன்கிழமைக்காரி கால் வைத்த நேரம்" என்பார்கள். எவரும் அவரை அடித்ததில்லை. பட்டினி போட்டதும் இல்லை. ஆனால் கல்யாண வீடுகளில் அவர் சமையற்கட்டைத் தாண்டி முன்னே வந்து நாம் கண்டதில்லை. நமக்கு முதன்முதலில் அலிஃப், பா சொல்லித் தந்தவர் அவரே. அவர் மவுத்தான பின் அந்த வீட்டின் பழைய கடன் பத்திரங்களைப் புரட்டியபோதுதான், நட்டம் முழுவதும் ஒருவரின் பொறுப்பற்ற ஜாமீன் கையெழுத்தால் வந்தது என்று தெரிந்தது. காரணம் பெட்டிக்குள் இருந்தது. பழியை அறுபது ஆண்டுகள் ஒரு பெண் சுமந்தார்.

கணித்தவர்களின் கலை

இவ்வாறு எழுதுவதால் நம் மண்ணின் வானியல் அறிவைச் சிறுமைப்படுத்துவதாக எவரும் எண்ண வேண்டாம். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரி வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டீலுக்கு, தமிழ்க் கணிப்பாளர் ஒருவர் 1765-ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தை முக்கால் மணி நேரத்தில் கணித்துக் காட்டினார். கிரகணம் நீடித்த நேரத்தில் அவர் கணக்கு 41 வினாடிகள் மட்டுமே பிசகியது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையோ 68 வினாடிகள் பிசகியது. 1825-இல் ஜான் வாரன் என்பவரும், தரையில் சிப்பிகளை அடுக்கி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே கிரகணம் கணித்த ஒரு தமிழரைப் பற்றிப் பதிந்துள்ளார். இது போற்றத்தக்க கணிதம். நம் முவக்கித்துகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவர்களே. கிரகணம் எப்போது என்பதை அக்கணிதம் சொல்லும். அந்தக் கிரகணம் யாருக்காக என்று கேட்கும்போதுதான் கணிதம் நின்று, புள் பறக்கத் தொடங்குகிறது.

'தன்னை அறிதல்' எங்கிருந்து வந்தது?

இனி நம் இளைஞரின் கைப்பேசிக்கு வருவோம். 'எதிர்காலம் சொல்லவில்லை, உன் இயல்பைச் சொல்கிறோம்' என்னும் இந்தப் புதிய பேச்சு மிகப் பழையதன்று. இதன் வேர்களில் ஒன்று நம் சென்னை அடையாற்றைத் தொட்டு நிற்கிறது. 1882 முதல் அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் உறுப்பினர் ஆலன் லியோ (1860-1917) என்னும் ஆங்கிலேயர். இந்தியாவுக்கும் வந்து சென்றவர். சோதிடத்தை ஆன்மாவின் வளர்ச்சிக்கான கல்வியாகப் பரப்பியவர் அவர். குறி சொன்ன குற்றத்திற்காக 1914-இலும் 1917-இலும் இலண்டன் நீதிமன்றத்தில் அவர் நிறுத்தப்பட்டார். இரண்டாம் முறை அபராதமும் விதிக்கப்பட்டது. அதன்பின் தம் பாடங்களை, நிகழப்போவதைச் சொல்வதிலிருந்து குணத்தைச் சொல்வதாகத் திருத்தி எழுத முனைந்தார். 1936-இல் டேன் ருட்யார் சோதிடத்தை உளவியலோடு இணைத்து நூல் எழுதினார். நாளிதழ் ராசிபலன் பரவியதோ 24-8-1930 அன்று இலண்டன் சண்டே எக்ஸ்பிரஸ் இதழில் இளவரசி மார்கரெட்டின் பிறப்பையொட்டி வெளியான ஒரு கட்டுரையின் வெற்றியால்.

பலன் பொய்த்தால் பிடிபடலாம். குணம் பொய்க்கவே பொய்க்காது. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்னும் அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு, 'இது உங்களுக்கே உரிய குணவிளக்கம்' என்று தனித்தனித் தாள்களைக் கொடுத்தார். எத்தனை பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி நான்கைத் தாண்டியது. ஆனால் எல்லாத் தாள்களிலும் இருந்தவை ஒரே வாக்கியங்கள். அவற்றில் பலவற்றை அவர் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்தே எடுத்திருந்தார்.

இன்னொன்றையும் இளைஞருக்குக் காட்டினோம். மேலைநாட்டுச் செயலியில் மேட ராசி மார்ச் 21-ஐ ஒட்டித் தொடங்குகிறது. நம் தமிழ் நாட்காட்டியில் சூரியன் மேடத்தில் புகுவது சித்திரை முதல் நாளில், ஏப்ரல் 14-ஐ ஒட்டி. ஏறத்தாழ 24 நாள் இடைவெளி. ஆகவே சூரிய ராசியை வைத்துப் பார்த்தால், பெரும்பாலோருக்கு அங்கே ஒரு குணம், இங்கே வேறொரு குணம். நம் பஞ்சாங்கங்களுக்குள்ளும் இதே நிலைதான்: திருக்கணிதம் சனிப்பெயர்ச்சியை 2025 மார்ச்சில் வைத்தது, வாக்கியம் 2026 மார்ச்சில் வைத்தது. எந்தத் தாளில் இருப்பவர் உண்மையான 'நான்'?

கணக்குப் புத்தகம்

அந்த இளைஞரிடம் நாம் இறுதியாகக் கேட்டது ஒன்றுதான். "நீர் கடையில் கணக்கு எழுதுபவர். கையிருப்பு குறைந்தால் சரக்கையும் ரசீதையும் பார்ப்பீரா, வானத்தைப் பார்ப்பீரா? இந்த நிகாஹ் உமக்கு அச்சம் தருகிறதென்றால், ரசீது எங்கே?"

மார்க்கம் நமக்குக் காட்டும் வழி எளியது. முதலில் முஹாஸபா: நாளைக்காக எதை முற்படுத்தி வைத்தோம் என்று ஒவ்வோர் ஆன்மாவும் பார்க்கட்டும் என்பது இறைக்கட்டளை. அடுத்து மஷ்வரா: அறிந்தவரிடம் கலந்துகொள்வது. பின்னர் இஸ்திகாரா: இரண்டு ரக்அத் தொழுது, நமக்குத் தெரியாததை அவன் அறிவான், நமக்கு இயலாதது அவனுக்கு இயலும் என்று ஒப்புக்கொண்டு நன்மையைக் கேட்பது. இஸ்திகாரா குறி கேட்பதன்று. கனவில் பச்சையோ சிவப்போ தெரிய வேண்டியதில்லை. முடிவெடுக்கும் பொறுப்பை அது நம்மிடமிருந்து பறிப்பதில்லை. முடிவின் பலனை உரியவனிடம் ஒப்படைக்கிறது. குறிகாரனிடம் சென்று கேட்பவரின் தொழுகை நாற்பது இரவுகள் ஏற்கப்படாது என்னும் கடுமையான எச்சரிக்கையை இதனோடு சேர்த்தே நாம் விளங்க வேண்டும். தொழுகையில் யாரிடம் கேட்கிறோமோ, அவனை விட்டு வேறிடத்தில் கேட்பதாலன்றோ அந்த எச்சரிக்கை!

நான்கு நாள் கழித்து அவர் வந்தார். கையில் ஒரு நோட்டுத்தாள். அவருக்குக் கடன் இருந்தது. தங்கை கல்யாணத்திற்கு வாங்கியது, வட்டியோடு வளர்ந்திருந்தது. பெண் வீட்டாரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் மதிப்புப் போய்விடும், சொல்லாவிட்டால் அல்லாஹ்விடம் குற்றவாளி ஆவோம் என்ற தவிப்பில் இருந்தவருக்கு, 'இருவர் இயல்பும் ஒத்துவராது' என்ற வரி ஒரு கதவாகத் தெரிந்திருக்கிறது. அந்தக் கதவின் வழியே வெளியேறியிருந்தால் அவர் தப்பியிருப்பார். பழியோ அந்தப் பெண்ணின் தலையில் விழுந்திருக்கும், நம் பெரியம்மாவின் தலையில் விழுந்ததைப் போல.

அவரோடு நாமும் பெண் வீட்டிற்குச் சென்றோம். தாளை முன்வைத்தார். பெண்ணின் தந்தை நெடுநேரம் பேசவில்லை. பின்னர், மகளிடம் கேட்டுச் சொல்வதாகவும் இரண்டு மாத அவகாசம் வேண்டும் என்றும் கூறினார். அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை. முடிவு எப்படி வரும் என்பதை நாம் அறியோம். வட்டியில்லாக் கடன் தருபவர் யாரேனும் உண்டா என்று ஜமாஅத்தில் விசாரித்துவருகிறோம். இளைஞர் நாள்தோறும் மாலை வகுப்புக்கு வருகிறார். கைப்பேசியில் அந்தச் செயலி இருக்கிறதா என்று நாம் கேட்கவில்லை.

சகோதரர்களே, நம் வீடுகளில் 'இராசியில்லாதவள்', 'பீடை பிடித்தவன்' என்று எவரேனும் ஓரமாக நிறுத்தப்பட்டிருந்தால், இன்றே அவரை முன்னே அழைத்து உட்காரவையுங்கள். உண்மைக் காரணத்தைத் தேடுங்கள். அது பெரும்பாலும் நம் கையெழுத்திலேயே எங்கோ எழுதப்பட்டிருக்கும்.

நட்சத்திரங்களை வழிகாட்டியாகப் படைத்த வல்ல ரஹ்மான், நம் குறைகளை நாமே கண்டு திருந்தும் நல்லருளையும், அவன் மீது மட்டுமே தவக்குல் வைக்கும் உறுதியையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! அந்த இளைஞரின் கடனையும் அந்தப் பெண்ணின் வாழ்வையும் உங்கள் துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆமீன்.